பைபர் உடம்பு, உப்புக் காற்று: கிற் காரின் எஞ்சின் அறையில் எர்த்

பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பொருத்திய கிற் காரில் சாவியைத் திருப்பியதும் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தால், முதலில் கழற்றப்படுவது பற்றரிதான். பெரும்பாலும் அதில் பிழை இருக்காது. மின்னோட்டம் திரும்பி வரத்தான் வழியில்லை.

கம்பனிக் காரின் தகர உடம்பே நெகட்டிவ் பாதை. கிற் கார்களில் பலவற்றுக்கு உடம்பு பைபர். நம் கரையில் இழுத்து வைத்திருக்கும் படகுகளின் அதே சாமான், மின்சாரம் கடத்தாது. எஞ்சினோ றப்பர் மவுண்ட்களில் இருக்கிறது. ஆகவே பற்றரி நெகட்டிவிலிருந்து சசிக்கு, அதாவது காரின் இரும்புச் சட்டத்துக்கு ஒன்று, சசியிலிருந்து எஞ்சினுக்கு ஒன்று என இரண்டு தடித்த செம்புக் கேபிள் வேண்டும். 25 சதுர மில்லிமீற்றருக்குக் குறைய வேண்டாம். லைட், விசிறி, பெற்றோல் பம்புக்கும் தனித்தனி எர்த் வயர், அதாவது நெகட்டிவுக்குத் திரும்பும் வயர்.

எஞ்சின் கேபிளை விட்டுவிட்டால் ஸ்டார்ட்டர் மின்னோட்டம் கிளச் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். அந்த மெல்லிய கம்பி சூடேறி, உள்ளே நைலோன் உறை உருகி இறுகிவிடும். புதுக் கேபிள் போட்டாலும் அதே கதிதான்.

ஸ்டார்ட்டர் 150 அம்பியர் இழுக்கிறது என்று வைப்போம். மூட்டில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தால் 1.5 வோல்ற் அங்கேயே தொலையும். 225 வாற் வெப்பமாகும். திருகோணமலையில் அந்த 0.01 ஓம் சீக்கிரம் வந்து சேரும். வாடைக் காற்று உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துக் கராஜ்களுக்குள்ளும் உப்பைக் கொண்டுவந்து படிய வைக்கிறது. சாரீரப்பதன், அதாவது காற்றின் ஈரப்பதன், ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். மழைத்துளி படாமலே கேபிள் முனையிலுள்ள செம்பு லக்கும் இரும்புச் சசியும் சந்திக்குமிடம் சின்ன மின்கலமாகி, இரும்பு அரிபடத் தொடங்கும்.

அதனால் எர்த் மூட்டில்தான் கை நிதானமாக வேண்டும். பவுடர் கோற்றிங் மின்சாரத்தைக் கடத்தாது. லக் உட்காரும் இடத்தில் பளபளக்கும் இரும்பு வரும்வரை சுரண்டுங்கள். வெள்ளீயம் பூசிய லக், எம்8 போல்ட், பல்லு வொஷர். இறுக்கிய பிறகு மூட்டு முழுவதும் வசிலின் அல்லது கிறீஸ். கிறீசுக்குப் பதிலாக மூட்டுக்கு மேலே பெயின்ற் அடிக்கலாம், லக்குக்கு அடியில் கூடாது.

சோதிக்க மல்ரிமீற்றர் போதும். பெற்றோல் பம்ப் பியூஸைக் கழற்றி, எஞ்சின் பற்றிக்கொள்ளாது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரு முனை பற்றரி நெகட்டிவ் கம்பத்தில், மற்றது எஞ்சின் பிளாக்கில். மூன்று நான்கு செக்கன் ஸ்டார்ட்டரைச் சுற்றவிடுங்கள். 0.2 வோல்ற்றுக்குள் நின்றால் நல்லது, 0.5 காட்டினால் மூட்டு மூட்டாக முனையை நகர்த்துங்கள், எண் திடீரென்று குதிக்கும் இடமே பிழை.

எஞ்சினுக்கும் ஆசனத்துக்கும் இடையிலுள்ள அலுமினியத் தகட்டிலும் இதே ரசாயனம்தான், ஆனால் இங்கே அரிபடுவது அலுமினியம். தகட்டுக்கும் சசிக்கும் நடுவே சீலன்ற் பூசி, அலுமினிய ரிவெட் அடியுங்கள். சாதாரண ரிவெட்டின் நடு ஆணி பெரும்பாலும் இரும்பு. அது துருவேறி வடியும். வாய் மூடிய ரிவெட் கொஞ்சம் விலை கூட, ஆனாலும் அதுதான் சரி. வயர் போகும் ஒவ்வொரு ஓட்டைக்கும் றப்பர் வளையம் போடுங்கள், முக்கியமாகப் பற்றரி பொசிற்றிவ் கேபிளுக்கு. அது தகட்டு விளிம்பில் உரசித் தோல் கிழிந்தால் வழியில் எந்தப் பியூஸும் காப்பாற்றாது.