இரண்டு ஜன்னல், ஒரு முக்கோணம்: பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா வாங்கும் முன்

இரண்டு ஜன்னல் வழியே தூரத்தை அளந்து ஃபோகஸ் வைக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்துவிட்டு ஒரு ரோல் முழுவதையும் எடுத்து முடிக்கலாம். கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் எல்லாம் பளிச்சென்று தெரியும். ஃபிலிமில் ஒன்றும் விழாது. எஸ்எல்ஆர் கேமராவில் இந்தக் கூத்து நடக்காது, அங்கே கண் பார்ப்பதே லென்ஸ் வழியாகத்தான். இங்கே கண்ணுக்கு ஒரு ஜன்னல், ஃபிலிமுக்கு ஒரு லென்ஸ். இரண்டையும் இணைப்பது உள்ளே இருக்கும் ஒரு சின்ன உலோகக் கை. முதல் கேமரா வாங்கப் போகிறவர் சோதிக்க வேண்டியது அந்தக் கை உண்மை பேசுகிறதா என்பதை. தோல் உறையும் குரோம் பளபளப்பும் அதைப் பற்றி எதுவும் சொல்லாது.

கட்டைவிரலை நீட்டிப் பிடித்து, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். விரல் பின்னணியில் இடம் மாறித் தாவும். விரலைக் கிட்டே கொண்டுவந்தால் தாவல் பெரிதாகும், தள்ளிப் பிடித்தால் சிறிதாகும். ரேஞ்ச்ஃபைண்டர் அளப்பது இதே தாவலைத்தான். கேமராவின் முன்பக்கம் ஒரு பெரிய ஜன்னலும் சற்றுத் தள்ளி ஒரு சின்ன ஜன்னலும் இருக்கும். பெரிய ஜன்னலுக்குப் பின்னால், ஒளியில் ஒரு பகுதியை விட்டு மறுபகுதியைத் திருப்பும் அரைப்பூச்சுக் கண்ணாடி. சின்ன ஜன்னல் பக்கம், லென்ஸைத் திருப்பும்போது கூடவே அசையும் கண்ணாடியோ பட்டகமோ இருக்கும். இரண்டு ஜன்னல் வழியே வரும் பிம்பங்களும் நடுவில் உள்ள வெளிச்சமான கட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழும். இரட்டையாகத் தெரிந்த மூக்கு ஒன்றாகிவிட்டால் ஃபோகஸ் சரி.

1954-இல் வந்த லைக்கா எம்3-இல் இரண்டு ஜன்னல்களுக்கும் இடைவெளி ஏறத்தாழ 68 மி.மீ. ஒரு மீட்டர் தூரத்தில் நிற்பவரை இரண்டு ஜன்னலும் பார்க்கும் கோண வித்தியாசம் 3.9 டிகிரி. பத்து மீட்டரில் அது 0.39 டிகிரிதான். பத்து மீட்டரிலிருந்து முடிவிலிவரை உள்ள உலகம் முழுவதும் அந்த 0.39 டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது. லென்ஸ் பக்கமும் கணக்கு இப்படியே. 50 மி.மீ. லென்ஸ் முடிவிலியிலிருந்து ஒரு மீட்டருக்கு வர 2.6 மி.மீ. முன்னால் நகர வேண்டும். பத்து மீட்டருக்கு வர கால் மி.மீ. போதும். அந்தக் கால் மி.மீ. அசைவைப் படித்துக் கண்ணாடியைத் திருப்புவதுதான் உலோகக் கையின் வேலை. அது 0.1 மி.மீ. தவறாகப் படித்தால், ஒரு மீட்டரில் ஃபோகஸ் 4 செ.மீ. தள்ளிப்போகும். லென்ஸ் துவாரத்தை அகலத் திறக்கும் எஃப் 1.4-இல் அந்தத் தூரத்தில் கூர்மையாக விழும் ஆழமே மொத்தம் 3 செ.மீ. சொச்சம். கண்ணில் வைத்த ஃபோகஸ் காதில் போய் உட்கார்ந்திருக்கும்.

சோதனைக்கு முதலில் நீங்கள் தேட வேண்டியது தூரம். கோலாலம்பூரில் கேமராக் கடைகள் கூடியிருக்கும் புடு பிளாசாவோ, வார இறுதியில் பழம்பொருள் விற்கும் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலோ, கேமராவைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோக அனுமதி கேளுங்கள். இரட்டைக் கோபுரமோ கேஎல் டவரோ தெரியும் இடத்தில் நின்று, லென்ஸை முடிவிலிக் குறிவரை திருப்பி, கோபுர விளிம்பைக் கட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். பினாங்கில் இது இன்னும் சுலபம்: எஸ்பிளனேடு கடற்கரையில் நின்றால் எதிரே பட்டர்வொர்த் துறைமுகத்துப் பளுதூக்கிகள் தெரியும். விளிம்பு பக்கவாட்டில் இரட்டையாகத் தெரிந்தால் அளவு தவறுகிறது. மேல்கீழாக இரட்டித்தால் அளவு சரியாக இருக்கலாம், ஆனால் எங்கே ஒன்று சேர்கிறது என்று கண்ணால் முடிவு செய்வது சிரமம். இரண்டையும் பழுதுபார்ப்பவர் திருகித் திருத்திவிடுவார். முடிவிலியில் சரியாக இருந்து ஒரு மீட்டரில் தவறினால்தான் தலைவலி. அங்கே ஒரு திருகோடு வேலை முடியாது, கையின் தேய்மானத்தையோ லென்ஸ் பொருத்தத்தையோ பார்க்க வேண்டும்.

கட்டமே மங்கிப்போயிருந்தால் அரைப்பூச்சு தேய்ந்துவிட்டது என்று பொருள். பழைய ஜப்பானியக் கேமராக்களில் இது சகஜம், அதில் பாதி, யாரோ மேல்மூடியைத் திறந்து பஞ்சால் “சுத்தம்” செய்த கைங்கரியம். பூச்சு அவ்வளவு மெல்லியது, ஒரு துடைப்பில் போய்விடும். பெரிய ஜன்னலின் நடுவில், கட்டத்துக்கு நேராக, கறுப்பு டேப்பில் ஒரு பொட்டு வெட்டி ஒட்டினால் கட்டம் எடுப்பாகத் தெரியும். இது தற்காலிக வைத்தியம், விலையைக் குறைத்துக் கேட்க நல்ல காரணமும்கூட. எம்3-இல் பட்டகத்தை ஒட்டிய பசை பிரிந்து வியூஃபைண்டர் கறுத்திருந்தால் தொடாமல் வைத்துவிடுங்கள். அந்தப் பழுதுக்கு ஆகும் செலவில் வேறு கேமராவே வாங்கலாம்.

இனி லென்ஸ். கோலாலம்பூரின் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியது, பினாங்கில் கடல் காற்றும் சேர்ந்துகொள்ளும். அலமாரியில் ஐந்து வருடம் கிடந்த லென்ஸுக்குள் பூசணம் இல்லையென்றால் அதுதான் அதிசயம். ஒளி புகும் துவாரமான அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, கைபேசி டார்ச்சைப் பின்புறம் பிடித்து, முன்னாலிருந்து சற்றுச் சாய்வாகப் பாருங்கள். பிறகு திருப்பிப் பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் கிளைவிட்டு ஓடினால் பூசணம். மூச்சு ஊதிய கண்ணாடிபோல் சமமாக மங்கியிருந்தால் உள்ளிருக்கும் கிரீஸ் ஆவியாகிப் படிந்திருக்கிறது. தூசிப் பொட்டுகள் பத்துப் பதினைந்து இருந்தாலும் படத்தில் தெரியாது, விட்டுவிடுங்கள். பூசணம் ஆரம்பத்தில் இருந்தால் துடைத்து எடுத்துவிடலாம். அது சுரக்கும் அமிலம் கண்ணாடிப் பூச்சை அரித்துவிட்டால், துடைத்த பிறகும் தடம் நிற்கும். கேனனின் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸில் (கேமராவில் திருகிப் பொருத்தும் வகை) அபெர்ச்சருக்குப் பின்னுள்ள கண்ணாடியில் இப்படி மங்கல் படிவது பேர்போன கோளாறு, அதை டார்ச் இல்லாமல் வாங்கவே கூடாது.

பூசணம் உள்ள லென்ஸைப் பக்கத்தில் வைத்தால் மற்றதுக்கும் தொற்றும் என்று பயமுறுத்துவார்கள். பூசண வித்துகள் எங்கும் காற்றிலேயே இருக்கின்றன. அவை முளைக்குமா என்பதைத் தீர்மானிப்பது ஈரம். 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்தால் போதும். மின்சார உலர்பெட்டி வாங்க வசதி இல்லையென்றால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. அடியில் தண்ணீர் சேரும் வகை ஈரமுறிஞ்சியை டப்பாவுக்குள் வைக்காதீர்கள், கவிழ்ந்தால் உப்புநீர் கேமராவுக்குள் போகும். அழகான தோல் உறையை முதல் நாளே கழற்றி எறியுங்கள், பூசணத்துக்கு அது விருந்து.

லென்ஸின் அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுக்கினால் எஸ்எல்ஆர் வாங்குகிறவர் ஓடிப்போவார், அங்கே இதழ்கள் நொடியில் சுருங்கி விரிய வேண்டும். ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸில் நீங்கள் கையால் திருப்புகிறீர்கள், அதனால் எண்ணெய் உடனடியாகக் கெடுதல் செய்யாது. நாளைய மங்கலுக்கு அதுவே மூலப்பொருள் என்பதை மட்டும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஷட்டரில் இரண்டு ஜாதி. லென்ஸ் மாற்ற முடியாத கேமராக்களில் லென்ஸுக்குள்ளேயே இதழ் ஷட்டர் இருக்கும். எண்ணெய் படிந்தால் இதழ்கள் ஒட்டிக்கொள்ளும். நாலைந்து முறை அழுத்தினால் இளகி, ஒழுங்காக ஓடுவதுபோல் தெரியும். எனவே நாள் முழுக்கச் சும்மா கிடந்த பிறகான முதல் அழுத்தல்தான் உண்மையைச் சொல்லும். கடைக்காரர் கையில் எடுத்து டக் டக்கென்று அடிக்கத் தொடங்குமுன், “பாஸ், கொஞ்சம் இருங்க, முதல் தடவை நானே அழுத்திப் பார்க்கிறேன்” என்று வாங்கிக்கொள்ளுங்கள்.

லைக்காவிலும் பெரும்பாலான சோவியத் கேமராக்களிலும் ஃபிலிமுக்கு முன்னால் துணித்திரை ஓடும். லென்ஸைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஷட்டரை ஏற்றி ஒருமுறை, விட்ட பிறகு ஒருமுறை. இரண்டு நிலையிலும் வெவ்வேறு திரை மூடியிருக்கும். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் திரையில் ஓட்டை. ஓட்டை எப்படி விழும்? லென்ஸ் சூரியனைக் குவித்துத் திரையைப் பொசுக்கியிருக்கும். நமக்கு இதில் தனி ஆபத்து உண்டு. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் கோலாலம்பூரில் மதியம் ஒன்றேகால் மணி வாக்கில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். வெளிமேசையில் கேமராவை மல்லாக்கப் போட்டு மூடாமல் தேதாரிக் குடித்தால், லென்ஸ் நேராகச் சூரியனைப் பார்க்கும். கேனன் பி, கேனன் 7 இரண்டிலும் திரை எஃகுத் தகடு, பொசுங்காது. சுருங்கிக் கசங்கியிருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

வேகத்தை அளக்கக் கைபேசியே போதும். நொடிக்கு 240 சட்டம் (ஃபிரேம்) எடுக்கும் ஸ்லோமோஷனில், திறந்த பின்பக்கம் வழியாகப் பதிவு செய்யுங்கள். 1/30 நொடியில் ஷட்டர் எட்டுச் சட்டங்களுக்குத் திறந்திருக்க வேண்டும். பத்து வந்தால் மன்னிக்கலாம், பதினாறு வந்தால் ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு வெளிச்சம் விழும் அளவுக்கு, மெதுவாக ஓடுகிறது. 1/500-ஐ இப்படி அளக்க முடியாது.

வெளிச்சத்தை அளக்கும் மீட்டரைக் கடைசியில் பாருங்கள். 1972-இல் வந்த கேனோநெட் கியூஎல்17 ஜி3 கேட்பது 1.35 வோல்ட் பாதரச பேட்டரி, அதை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. அதே அளவில் 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் மீட்டர் கூடுதல் வெளிச்சம் காட்டிப் படத்தை இருட்டாக்கும். காது கேட்கும் கருவி விற்கும் கடையில் 675 எண் ஸிங்க்-ஏர் பேட்டரி வாங்கி ஒரு ரப்பர் வளையத்தோடு போட்டால் 1.4 வோல்ட் கிடைக்கும், சில வாரம் உழைக்கும். யாஷிகா எலெக்ட்ரோ 35-க்கு பேட்டரி இல்லாமல் வாழ்வே இல்லை, 1/500 ஒன்றில்தான் ஓடும். அதன் ஃபிலிம் நகர்த்தும் லீவரை இழுக்கும்போது உள்ளே “க்ளக்” என்று ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால் உள்ளிருக்கும் ரப்பர்த் துண்டு மக்கிவிட்டது.

முதல் கேமராவுக்கு எது? பூட்டிய லென்ஸ் உள்ள கேனோநெட், மினோல்டா ஹைமேடிக் 7எஸ், ஒலிம்பஸ் 35 எஸ்பி போன்றவை. லென்ஸும் தூரம் அளக்கும் அமைப்பும் ஒரே தொழிற்சாலையில் பொருந்தி வந்தவை, பேட்டரி செத்தாலும் கையால் வேகம் வைத்து எடுக்கலாம். லென்ஸ் மாற்ற வேண்டுமென்றால் கேனன் பி அல்லது கொசினா தயாரித்த வொய்க்லாண்டர் பெஸ்ஸா ஆர். இரண்டிலும் லென்ஸ் பொருந்துவது 39 மி.மீ. திருகில். பினாங்கு லோரோங் குலிட் சந்தையில் கிடைக்கும் சோவியத் கேமராக்களான ஸோர்க்கி, ஃபெட் மலிவு. ஆனால் ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும், மறந்தால் உள்ளே உடையும். பொன் முலாம் பூசி “லைக்கா” என்று பொறித்தது கண்ணில் பட்டால் லென்ஸைக் கழற்றுங்கள். உலோகக் கையின் நுனியில் உருண்டைச் சக்கரம் இருந்தால் லைக்காவாக இருக்கலாம். ஆப்புபோன்ற தட்டைத் துண்டு இருந்தால் அது வேடம் போட்ட ஸோர்க்கியோ ஃபெட்டோதான்.

வாங்கிய அன்றே ஐஎஸ்ஓ 200 ரோல் ஒன்றைச் சோதனைக்கென்று பலி கொடுங்கள். ஐந்து டின்பால் டப்பாக்களை, எழுத்து தெரியும்படி, ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஐந்து செ.மீ. தள்ளிச் சாய்வாக அடுக்குங்கள். நடு டப்பா ஃபிலிமிலிருந்து ஒரு மீட்டரில் இருக்கட்டும். அபெர்ச்சரை முழுதாகத் திறந்து நடு டப்பாவிலேயே ஃபோகஸ் வைத்து மூன்று படம். பிறகு மேகமூட்டத்தில் ஒரே சுவரை 1/30 எஃப் 16, 1/60 எஃப் 11, 1/125 எஃப் 8, 1/250 எஃப் 5.6, 1/500 எஃப் 4 என்று எடுங்கள். ஐந்துக்கும் ஒரே வெளிச்சம் விழ வேண்டும். லேபில் நெகட்டிவைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். ஸ்கேனர் அடர்த்தியைத் தானே சரிக்கட்டிவிடும், தவறு மறைந்துபோகும். நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் மெதுவாக ஓடிய வேகம் கறுத்துத் தெரியும். நடு டப்பா மங்கி நாலாவது டப்பாவின் எழுத்து கூர்மையாக இருந்தால், அந்தத் துண்டை அப்படியே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். எந்தப் பக்கம், எத்தனை செ.மீ. என்று அதைப் பார்த்தே அவர் கணக்குப் போட்டுவிடுவார்.