கோழித் தீவனத்தில் உறங்கும் பாக்டீரியா

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் முட்டை வாங்கிய ஒரு வாசகி, பெட்டியில் 'புரோபயாட்டிக் தீவனம்' (நன்மை செய்யும் பாக்டீரியா கலந்த தீவனம்) என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டிருந்தார்: "தயிரில் இருக்கிற பாக்டீரியாவையா கோழிக்குக் கொடுக்கிறார்கள்? அதனால் நமக்கு ஏதாவது வந்துவிடாதா?"

அடைக்கோழி பொரித்த குஞ்சு, தாயோடு சேர்ந்து மண்ணைக் கிளறும்போதே தாயின் குடல் பாக்டீரியாக்களையும் பெற்றுவிடும். பண்ணைக் குஞ்சு தாயைப் பார்ப்பதே இல்லை. இன்குபேட்டரில் பொரிந்து, ஏறக்குறைய காலிக் குடலோடு கொட்டகைக்கு வருகிறது. அங்கே, மனிதருக்கும் வயிற்றுநோய் தரும் சால்மோனெல்லா என்னும் பாக்டீரியா முந்திக்கொள்ளலாம். 1973இல் பின்லாந்தின் நூர்மியும் ரந்தலாவும், வளர்ந்த கோழியின் குடலில் இருந்ததைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் குஞ்சுகளைச் சால்மோனெல்லா எளிதில் தொற்றவில்லை. நிரம்பிய பந்தியில் புதிதாக வருபவருக்கு இலை கிடைக்காது அல்லவா, அதுபோலத்தான். வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதுமாக நிறுத்தியபோது, இந்த வழிக்கு மதிப்பு கூடியது.

சரி, தயிர் பாக்டீரியா போதாதா? குச்சித் தீவனம் செய்யும் ஆலையில் நீராவி 80 டிகிரியைத் தொடும். தயிர் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை அங்கேயே செத்துவிடும். அதனால் பலர், சூட்டைத் தாங்கும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும் பாக்டீரியாவின் பக்கம் போனார்கள். ஜப்பானியர் சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் நாட்டோவில் இருப்பதும் இதே இனம்தான்.

எனக்கு இந்தப் பாக்டீரியா மீது தீராத வியப்பு. உணவு தீர்ந்துபோகிறது என்று தெரிந்ததும் அது நடுவில் பிரியாமல் ஓரமாகப் பிரிகிறது. ஒரு பக்கம் பெரிய செல், மறுபக்கம் சின்னது. பெரியது சின்னதை அப்படியே விழுங்கிவிடுகிறது. ஆனால் செரிப்பதில்லை, தன் வயிற்றுக்குள் வைத்து அதற்குச் சுவர்மேல் சுவராகக் கட்டுகிறது. உள்ளே இருக்கும் தண்ணீரின் பெரும்பகுதி வெளியேறுகிறது. அந்த இடத்தில் கால்சியமும் டிபிகோலினிக் அமிலமும் நிறைகின்றன. இப்படி உருவாகும் உறங்கும் செல்லான ஸ்போரின் உலர் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இந்த அமிலம்தான்! டிஎன்ஏவைச் சிறு புரதங்கள் போர்த்திக்கொள்கின்றன. வேலை முடிந்ததும் தாய்ச்செல் வெடித்து இறந்துபோகிறது. மிஞ்சுவது அந்த ஸ்போர் மட்டும். மூச்சு இல்லை, வளர்ச்சி இல்லை, ஆனால் சாகவும் இல்லை. ஆலை நீராவியையும் கோழி இரைப்பையின் அமிலத்தையும் தாண்டிக் குடலுக்கு வருகிறது. அங்கே அலனின் போன்ற அமினோ அமிலம் அதன் மேல் பட்டால் போதும்: டிபிகோலினிக் அமிலம் வெளியே போகிறது, தண்ணீர் உள்ளே வருகிறது, உறக்கம் கலைகிறது.

இனி இரண்டாவது கேள்வி. இந்தப் பாக்டீரியா கோழியின் குடலோடு நின்றுவிடும், இறைச்சிக்குள் குடியேறுவதில்லை. கவலைப்பட வேண்டியது, அது கொண்டுவரும் மரபணுக்களைப் பற்றித்தான். பாக்டீரியாக்கள் பிளாஸ்மிட் என்னும் டிஎன்ஏ வளையங்களை ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்ளும். ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கும் மரபணு ஒன்று அந்த வழியில் சால்மோனெல்லாவுக்குப் போய்ச் சேர்ந்தால், நம் மருத்துவமனைகளில் மருந்து வேலை செய்யாமல் போகும். பல ஆண்டுகள் தீவனத்தில் புழக்கத்தில் இருந்த, பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் ஒரு வகைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் அனுமதியை நிறுத்திவைத்தது. அதில் டெட்ராசைக்ளின், குளோராம்பெனிகால் என்னும் ஆன்டிபயாட்டிக்குகளைத் தாங்கும் மரபணுக்கள் இருந்தது முக்கியக் காரணங்களில் ஒன்று. பழைய சோற்றில் பெருகி வாந்தி வரவைக்கும் பாக்டீரியாவும் இதே சீரியஸ் இனம்தான்.

நம் வீடுகளில் இன்னமும் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்றே பேசிக்கொள்கிறோம். பிராய்லர் வேகமாக வளர்வது தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததாலும் நல்ல தீவனத்தாலும்தான். இல்லாத ஊசிக்குப் பயந்துகொண்டு, இருக்கும் மரபணுவைக் கவனிக்காமல் விடுகிறோமே என்று எனக்கு வருத்தம். ஆராய்ச்சிப் பணமும் அப்படித்தான்: எடை எத்தனை கிராம் கூடியது என்று பார்க்கக் கொடுக்க ஆள் உண்டு, வருடக்கணக்கில் உட்கார்ந்து மரபணுவைச் சோதிப்பவருக்குக் கொடுக்கத் தயக்கம். கோழி இறைச்சியை ஏறக்குறைய முழுவதும் வெளியிலிருந்து வாங்கும் சிங்கப்பூர், அந்தச் சோதனைக்குத் தாராளமாகச் செலவழிக்க வேண்டும் என்பது என் கருத்து. 2022 ஜூனில் மலேசியா ஏற்றுமதியை நிறுத்தியபோது கோழிக்குத்தான் தவித்தோம். அந்தக் கோழி என்ன தின்று வளர்ந்தது என்பதும் நம் அக்கறைதான்.

அந்தச் சோதனையில் பாக்டீரியாவின் முழு மரபணுத் தொகுதியையும் வாசித்து, நஞ்சு சுரக்கும் மரபணுவும் இடம் மாறக்கூடிய எதிர்ப்பு மரபணுவும் இருக்கின்றனவா என்று தேடுவார்கள். எந்தெந்த ஆன்டிபயாட்டிக்குக்கு அது மடிகிறது என்று தட்டில் வளர்த்துப் பார்ப்பார்கள். ஐரோப்பாவில் அதன் மாதிரியை ஒரு நுண்ணுயிர்ச் சேகரிப்பகத்தில் எண் போட்டு வைக்கவும் வேண்டும். நாளை தீவன மூட்டையில் இருப்பது அதே பாக்டீரியாதானா என்று சந்தேகம் வந்தால், அந்த மாதிரியை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.