ஏடிஹெச்டி சிகிச்சை: மருந்துச் சீட்டு முதல் பள்ளிச் சலுகை வரை சட்டம் என்ன சொல்கிறது?

ஏடிஹெச்டி என்னும் கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறு இருப்பது உறுதியாகி, மனநல மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்த பிறகு பல குடும்பங்கள் முதலில் முட்டி நிற்கும் இடம் மருந்துக்கடை. "இது எங்ககிட்ட வராதுங்க" என்பார் ஒரு கடைக்காரர். "இந்தச் சீட்டுக்குத் தர முடியாது" என்பார் அடுத்தவர். பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கேட்கக்கூடாத எதையோ கேட்டுவிட்டதுபோல் கூசிப்போய், சிகிச்சையையே கைவிட்டவர்கள் உண்டு. அப்படிக் கைவிட வேண்டியதே இல்லை. கடைக்காரர் மறுப்பது ஒரு விதியால். அந்த விதி கேட்கிறபடி சீட்டு இருந்தால், உரிமம் உள்ள கடையில் மருந்து கிடைக்கும்.

ஏடிஹெச்டிக்கு இந்தியாவில் பரவலாக எழுதப்படும் மருந்து மெத்தில்ஃபெனிடேட். இது இரண்டு சட்டங்களின் பிடியில் இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டத்தில் இது மனமயக்கப் பொருள்களின் பட்டியலில் வருகிறது. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் ஷெட்யூல் எக்ஸ் என்னும் மிகக் கண்டிப்பான பட்டியலில் வருகிறது. ஷெட்யூல் எக்ஸ் மருந்தை விற்க, கடைக்குச் சாதாரண உரிமம் போதாது. 20-எஃப் படிவத்தில் தனி உரிமம் வேண்டும். மருந்தைப் பூட்டிய அலமாரியில்தான் வைக்க வேண்டும், விற்றதற்குக் கணக்கு எழுத வேண்டும். தெருமுனைக் கடையில் இது கிடைக்காததற்குக் காரணம் இதுதான். அரசு மருத்துவக் கல்லூரி, பெரிய மனநல மருத்துவமனை ஆகியவற்றின் அருகில் உள்ள கடைகளில் விசாரியுங்கள். எந்தக் கடையில் கிடைக்கும் என்று சீட்டு எழுதும் மருத்துவரிடமே கேட்டுவிடுவது அதைவிட நல்லது.

சீட்டு இரண்டு பிரதிகளாக இருக்க வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் வாங்கி இரண்டு ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி. இரண்டாவது பிரதி உங்களுடையது. சீட்டில் மருத்துவரின் கையெழுத்து, தேதி, நோயாளியின் பெயர், முகவரி, வேளைக்கு எவ்வளவு, மொத்தம் எத்தனை மாத்திரை என்ற அத்தனையும் இருக்க வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது முகவரியும் மொத்த எண்ணிக்கையும்தான். அறையை விட்டு வெளியே வருவதற்கு முன் இந்த இரண்டையும் சரிபார்த்துவிட்டால் ஓர் அலைச்சல் மிச்சம். மறுபடியும் கொடுக்கலாம் என்று மருத்துவர் எழுதாவிட்டால் ஒரே சீட்டை வைத்து இரண்டாம் முறை வாங்க முடியாது. வாங்கிய அட்டையின் மேல் இடது மூலையில் சிவப்பில் எக்ஸ்ஆர்எக்ஸ் என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

எவ்வளவு மாத்திரை கையில் வைத்திருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. சொந்த மருத்துவத் தேவைக்கு ஒரே நேரத்தில் 100 மாத்திரை வரை வைத்திருக்கலாம். நீண்டகாலச் சிகிச்சைக்கென்று மருத்துவர் குறிப்பிட்டு எழுதியிருந்தால் 300 வரை வைத்திருக்கலாம். நாளைக்கு இரண்டு மாத்திரை எடுப்பவருக்கு 100 என்பது 50 நாள். 300 என்பது ஐந்து மாதம். மாவட்டத் தலைநகருக்கு மாதாமாதம் பஸ் ஏறி வருகிறவர்கள் இந்த விதியை மருத்துவரிடம் சொல்லிக் கேட்கலாம். பல குடும்பங்களுக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது.

வீடியோ அழைப்பில் ஆலோசனை பெறலாம், ஆனால் மெத்தில்ஃபெனிடேட் சீட்டு பெற முடியாது. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் ஷெட்யூல் எக்ஸ் மருந்துகளையும் மனமயக்கப் பொருள்களையும் தடைப்பட்டியலில் வைத்திருக்கிறது. நேரில் பார்க்காமல் வாட்ஸ்அப்பில் சீட்டு அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள்.

மருந்தைப் பற்றிக் கொஞ்சம். மெத்தில்ஃபெனிடேட்டில் சில மணி நேரம் வேலை செய்யும் வகையும், பள்ளி நேரம் முழுவதும் தாங்கும் நீடித்த வகையும் உண்டு. பசி குறையும், மதியச் சாப்பாட்டு டப்பா தொட்டும் தொடாமலும் வீடு திரும்பும். அதனால் காலையில் வயிறாரச் சாப்பிட வைத்துவிட்டு மாத்திரை கொடுக்கச் சொல்வார்கள். தூக்கம் தள்ளிப்போகலாம், நாடித்துடிப்பு கூடலாம். உயரம், எடை, இரத்த அழுத்தம் மூன்றையும் ஒவ்வொரு வருகையிலும் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். குடும்பத்தில் இதய நோய் இருந்தால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொன்ன அளவில் எடுக்கிற குழந்தை அடிமையாகிவிடும் என்ற பயம் பெரும்பாலும் தேவையற்றது. பரீட்சைக்கு முன்னால் தேவையில்லாதவர்கள் வாங்கி விழுங்குவதுதான் ஆபத்து.

மெத்தில்ஃபெனிடேட் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அட்டோமாக்சிடின் உண்டு. இது மெத்தில்ஃபெனிடேட்போல மூளையைத் தூண்டும் வகை மருந்து அல்ல, ஷெட்யூல் எக்ஸிலும் இல்லை. ஆகவே வாங்குவது எளிது. ஆனால் பலன் தெரிய சில வாரங்கள் ஆகும், பொறுக்க வேண்டும். தொடங்கிய புதிதில் பிள்ளை மனம் சோர்ந்து பேசினால், சாவைப் பற்றிப் பேசினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். குளோனிடின் என்ற இன்னொரு மருந்தையும் சிலருக்கு எழுதுவார்கள். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் சொல்லும் அட்ரால் இங்கே கடைகளில் கிடையாது.

ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு முதலில் மாத்திரை அல்ல, பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சிதான். அதட்டாமல் ஒரே ஒரு வேலையைச் சொல்வது, முடித்த உடனே பாராட்டுவது, நாளின் ஒழுங்கைப் படமாகச் சுவரில் ஒட்டுவது போன்றவற்றை அதில் கற்றுத்தருவார்கள். பெரிய குழந்தைகளுக்கும் மாத்திரையோடு இதுவும் சேர வேண்டும். மாத்திரை கவனத்துக்கு இடம் ஏற்படுத்தும், பழக்கத்தைக் கற்றுத்தராது.

இதற்கெல்லாம் தனியாரிடம்தான் போக வேண்டும் என்பதில்லை. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில், ஆர்பிஎஸ்கே என்று சொல்கிறார்களே அதில், பிறப்பு முதல் 18 வயது வரை கண்டறிய வேண்டிய பாதிப்புகளில் ஏடிஹெச்டி பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறையும், அங்கன்வாடிகளுக்கு இருமுறையும் வர வேண்டும். அவர்கள் பரிந்துரைத்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் பரிசோதனை இலவசம். பிள்ளை "துறுதுறுன்னு இருக்கான், சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கிறான்" என்று ஆசிரியர் புகார் சொன்னால், அந்தக் குழு எப்போது வரும் என்று திருப்பிக் கேளுங்கள். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும், முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனமும் உள்ளன. எங்கே போவது என்றே புரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னும் சில உரிமைகளைத் தருகிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, அதற்கான அட்டை கையில் இல்லாவிட்டாலும், அரசு மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை இலவசம். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகளையும் அங்கே இலவசமாகத் தர வேண்டும். காப்பீட்டு நிறுவனம் உடல் நோயை எப்படி நடத்துகிறதோ அப்படியே மனநோயையும் நடத்த வேண்டும் என்கிறது பிரிவு 21. ஆனால் ஏடிஹெச்டிக்கு யாரும் படுக்கையில் சேர்வதில்லை. புறநோயாளிச் செலவுக்கு இடம் தரும் பாலிசி இருந்தால்தான் இதனால் நடைமுறைப் பயன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் ஏடிஹெச்டிக்குக் குறியீடு இருக்கிறது. பழைய பதிப்பில் எஃப்90, புதிய பதிப்பில் 6ஏ05. அதைக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள்.

மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்குமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் ஏடிஹெச்டி பெயர் இல்லை. அதை மட்டும் வைத்து யுடிஐடி என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பது கடினம். சேர்த்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் ஏடிஹெச்டி உள்ள குழந்தைகள் பலருக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருக்கிறது. அது பட்டியலில் உண்டு, ஆட்டிசமும் உண்டு. எனவே அவற்றுக்கான மதிப்பீட்டையும் கூடவே செய்துவிட வேண்டும். 2024இல் புதிய வழிகாட்டுதல் வரும்வரை இருந்த 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி கற்றல் குறைபாட்டுச் சான்று எட்டு வயது முதல் வழங்கப்பட்டது. 14, 18 வயதுகளில் மறுமதிப்பீடு இருந்தது. 18இல் தருவது ஆயுள் முழுதும் செல்லும் என்று அதில் இருந்தது. சான்று இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றுக்குப் பள்ளி மூலம் விண்ணப்பிக்கலாம். தேர்வுக்கு முந்தைய மாதத்தில் ஓடுவதைவிட ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுங்கள்.

சான்று கிடைக்காவிட்டாலும் கை விரிக்க வேண்டாம். அதே சட்டத்தின் 2(எஸ்) பிரிவு, நீண்டகாலக் குறைபாட்டால் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க முடியாதவரையே மாற்றுத்திறனாளி என்கிறது, சதவீதம் கேட்கவில்லை. எழுத்துத் தசைப்பிடிப்பு உள்ள ஒரு தேர்வர் தொடுத்த வழக்கில், தேர்வில் எழுதுபவரைப் பெற 40 சதவீதக் குறைபாடு கட்டாயமில்லை என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசு அங்கீகரித்த தனியார் பள்ளிகளையும் இந்தச் சட்டம் கட்டுப்படுத்தும். முன் வரிசை இருக்கை, நடுவில் ஒரு சிறு இடைவேளை, வீட்டுப்பாடத்தைப் பகுதி பகுதியாகத் தருவது போன்றவற்றை மருத்துவரின் கடிதத்தோடு தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள். ஒரு நகலில் பள்ளி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

முப்பது வயதுக்கு மேல் கண்டறியப்படுகிறவர்களுக்கும் மருந்து விதிகள் இவைதான். இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைக் காட்டாது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்தனவா என்றுதான் மருத்துவர் கேட்பார். பழைய ரேங்க் கார்டு, அதில் ஆசிரியர் எழுதிய குறிப்பு, சின்ன வயதை நினைவில் வைத்திருக்கும் அம்மாவோ அக்காவோ இருந்தால் அழைத்துப் போங்கள். வேலைக்காக வேறு ஊர் போகிறவர்கள் முந்தைய மருத்துவமனையிலிருந்து மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்கலாம். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 25 அந்த உரிமையைத் தருகிறது. சிங்கப்பூர், அமீரகம் போன்ற நாடுகளுக்குப் போகிறவர்கள் மெத்தில்ஃபெனிடேட்டைப் பையில் வைப்பதற்கு முன் அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் முன் அனுமதி பெற வேண்டும். மருந்தை அதன் அட்டையோடும் சீட்டின் நகலோடும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.