டிராக்டரை நிறுத்தும் ஒரு சொட்டுக் காற்று

பழைய டிராக்டர், உடனே ஸ்டார்ட் ஆகிறது, இருபது நிமிடம் ஒழுங்காக ஓடுகிறது, அப்புறம் திணறித் திணறி நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறது, ஏன் இப்படி என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். டீசல் பம்பையே மாற்றச் சொல்லிவிட்டார்களாம். பொறுங்கள், முதலில் டேங்க் மூடியைப் பாருங்கள். அதில் காற்று போக ஒரு சின்னத் துளை உண்டு. அது அடைத்துக்கொண்டால், டீசல் குறையக் குறைய டேங்குக்குள் அழுத்தமும் குறைந்து, ஒரு கட்டத்தில் டீசல் இறங்க மறுக்கும். மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்று உள்ளே போனால் இதுதான் கோளாறு. இல்லையென்றால் ஃபில்டர் அடைப்பு, அடியில் தேங்கிய தண்ணீர். இதெல்லாம் தெரிந்த கதை.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த காரணம்: டீசலோடு கலந்து வரும் காற்று. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை நசுக்கி 500 டிகிரிக்கு மேல் சூடேற்றி, அதில் டீசலைப் பீய்ச்ச வேண்டும். பழைய டிராக்டர்களில், டீசலைப் பீய்ச்சும் மூக்கான நாசில் திறக்கவே வெளிக்காற்றைப் போல ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தம் தேவை. இந்த அழுத்தத்தைத் தரும் டீசல் பம்பு ஒரு தடவையில் தள்ளுவதோ ஒரு சொட்டு டீசல். அவ்வளவு அழுத்தத்திலும் டீசல் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் சுருங்கும், அதனால் இந்த முனையில் தள்ளினால் அந்த முனையில், கம்பியால் குத்தியதுபோல, நாசில் திறந்துவிடும். இப்போது நடுவில் ஒரு சொட்டளவு காற்றுக் குமிழி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 1662-ல் பாயில் சொன்ன விதிப்படி (சூட்டின் கணக்கை ஒதுக்கிவிட்டால்) 200 மடங்கு அழுத்தம் வர, குமிழி 200-ல் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும். பம்பின் மொத்தத் தள்ளலும் அதற்கே சரியாகிவிடும்! பம்பு பின்வாங்கினால் குமிழி விரியும், தள்ளினால் நசுங்கும், விரியும், நசுங்கும். பம்பு பாட்டுக்கு ஒரு ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டிருக்க, சிலிண்டருக்கு ஒன்றும் போகாது. பள்ளியில் இந்த விதியை வெறும் சூத்திரமாக எழுத வைத்ததற்குப் பதில் ஓடாத இன்ஜின் ஒன்றைக் காட்டியிருக்கலாம், என் ஆதங்கம் அது.

சரி, காற்று எங்கிருந்து வருகிறது? "எங்கேயும் ஒழுகவில்லையே" என்பார்கள். ஒழுகாது. டேங்குக்கும், அதிலிருந்து டீசலை இழுத்து அனுப்பும் சின்ன ஃபீட் பம்புக்கும் நடுவே உறிஞ்சுதல் நடப்பதால், அங்கே வெடித்த ரப்பர் ஹோஸோ தேய்ந்த செம்பு வாஷரோ டீசலை வெளியே விடாமல் காற்றை உள்ளே இழுக்கும். தெளிவான பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை அங்கே கொஞ்ச நேரம் மாட்டிப் பார்த்தால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். வாஷரை மாற்றி, ஃபில்டர் மேலுள்ள, காற்றை வெளியேற்றும் ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை கைப்பம்பை அடித்து, ஸ்குரூவை இறுக்குங்கள். நாசில் பீய்ச்சும் பக்கம் மட்டும் கையைக் கொண்டுபோகாதீர்கள், தோலைத் துளைத்துவிடும்.

மறுநாளே திரும்ப நின்றால், இப்படி ஏர் எடுத்ததில் குறையில்லை. இன்னொரு வாஷர் காற்றை இழுத்துக்கொண்டிருக்கிறது.