லாரி டீசல் எங்கே குறைகிறது?

நாமக்கல் பக்கம் லாரி செட்டுகளுக்கு, அதாவது பல லாரிகளை வைத்து ஓட்டும் கம்பெனிகளுக்கு, டீசல் கணக்குப் பார்ப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. ஓனர்கள் என்னைக் கூப்பிட்டதும் முதலில் கேட்பது, "டீசலை யார் எடுக்கிறாங்கன்னு கண்டுபிடிச்சுத் தர முடியுமா?" என்றுதான். முடியும். ஆனால் ஒரு டிரிப்புக்கு நியாயமாக எவ்வளவு டீசல் ஆகும் என்று தெரிந்தால்தானே எவ்வளவு காணாமல் போனது என்று சொல்ல முடியும்? அந்தக் கணக்கு பல செட்டுகளில் இல்லவே இல்லை.

12 சக்கர வண்டி ஒன்று முழு லோடில் லிட்டருக்கு 3.5 முதல் 4 கிலோமீட்டர் கொடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். காலியாக வந்தால் அதே வண்டி 5-ஐத் தாண்டும். சேலத்திலிருந்து தொப்பூர் ஏறுவதற்கும், மகாராஷ்டிராவில் சாத்தாரா பக்கம் கம்பட்கி மலைப்பாதையில் ஏறுவதற்கும் சமவெளிக் கணக்கு ஒத்துவராது. லோடு இறக்க வரிசையில் நிற்கும்போது இன்ஜின் ஓடினால் மணிக்கு 2 லிட்டருக்கு மேல் போய்விடும். 2025 அக்டோபரிலிருந்து தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் ஆகியிருக்கிறது. டிரைவர்களுக்கு எப்போதோ கிடைத்திருக்க வேண்டிய வசதி அது. நிற்கும் நேரத்தில் ஏசி ஓடினால் அதற்கான டீசலையும் கணக்கில் சேர்த்துத்தான் ஆக வேண்டும். எல்லா டிரிப்புக்கும் 'நாலு' என்று ஒரே மைலேஜைப் போட்டு, குறைந்ததைப் பேட்டாவில் பிடித்தால், நேர்மையான டிரைவர் வேலையை விட்டுப் போவார். இருப்பவர் எப்படிச் சமாளிப்பது என்று வழி தேடுவார்.

ஒரு சம்பவம் இன்னும் என்னை உறுத்துகிறது. ஒரு வண்டியில் மூன்று டிரிப் தொடர்ந்து டீசல் குறைந்தது. டிரைவர்தான் எடுக்கிறார் என்று நான் எழுதிக் கொடுத்தேன். அவர் "வண்டி இழுக்குது சார், பிரேக் பிடிச்சே இருக்கு" என்று ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறார். யாரும் காதில் வாங்கவில்லை, நானும்தான். அவர் போன பிறகு வந்த டிரைவருக்கும் அதே அளவு குறைந்தது. பட்டறையில் பின்சக்கரத்தைக் கழற்றினால், பிரேக் லைனிங் டிரம்மை விடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. அன்றிலிருந்து மைலேஜ் விழுந்தால் முதலில் டயர் காற்று, பிரேக், ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர், அப்புறம்தான் ஆள் என்று ஒரு வரிசை வைத்திருக்கிறேன்.

சரி, உண்மையான திருட்டுக்கு வருவோம். டேங்க்கில் டியூப் விட்டு இழுப்பதைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். நான் பார்த்ததில் அதைவிடப் பெரிய ஓட்டை பங்க்கில் இருக்கிறது. 300 லிட்டருக்கு பில், டேங்க்கில் இறங்கியது 280. மீதி 20 லிட்டரின் பணத்தை டிரைவரும் பங்க் ஆளும் பிரித்துக்கொள்கிறார்கள். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது, ஒரு முறைக்கே 1,800 ரூபாய்க்கு மேல். டீசலுக்குப் பணம் கட்ட எண்ணெய் நிறுவனங்கள் தரும் ஃப்ளீட் கார்டு இருந்தால் இது நின்றுவிடும் என்று நம்பாதீர்கள். கார்டைத் தேய்த்த தொகையும் டேங்க்கில் இறங்கிய டீசலும் ஒன்றுதானா என்று கார்டு பார்க்காது. அதற்கு, முடிந்தவரை தெரிந்த இரண்டு மூன்று பங்க்குகளிலேயே, ஒவ்வொரு முறையும் ஃபுல் டேங்க் அடிக்க வேண்டும். ஒரு ஃபுல்லுக்கும் அடுத்த ஃபுல்லுக்கும் இடையில் ஓடிய கிலோமீட்டரை வைத்துக் கணக்குப் போட்டால், பொய் பில் இரண்டு மூன்று டிரிப்பில் தானாகத் தெரிந்துவிடும். பம்ப்பின் அளவிலேயே சந்தேகம் வந்தால் முத்திரை போட்ட 5 லிட்டர் அளவையைக் கேளுங்கள். அது ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லிக்கு மேல் குறையக் கூடாது.

டீசல் சென்சார் போடுவது நல்லதுதான். ஆனால் டேங்க்கைக் காலி செய்து, 20 லிட்டர் 20 லிட்டராக ஊற்றி அளவு பதிந்த பிறகுதான் அதை நம்ப வேண்டும். மேட்டில் வண்டி சாய்ந்து நின்றாலும் அளவு இறங்கிக் காட்டும். மதியம் சூடாக இருந்த 300 லிட்டர், விடியற்காலை 10 டிகிரி குளிர்ந்தால் இரண்டரை லிட்டர் வரை சுருங்கும். அதைத் திருட்டு என்று எழுதிவிடாதீர்கள். வண்டி நிற்கும் இடத்தில் பத்து நிமிடத்துக்குள் 30, 40 லிட்டர் இறங்கினால், அதுதான் பார்க்க வேண்டியது. இன்ஜினிலிருந்து மீதி டீசல் டேங்க்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனில் 'T' வடிவ இணைப்பு போட்டு, வண்டி ஓடும்போதே கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பவர்களைச் சென்சார் உடனே பிடிக்காது. மாதம் ஒருமுறை குழாய்களை நேரில் பார்க்க வேண்டும். டேங்க் அடியில் இருக்கும் டிரெய்ன் நட்டுக்கு சீல் கம்பி, வாய்க்கு உள்ளே வலை, மூடிக்கு நல்ல பூட்டு. இவை பெரிய செலவு இல்லை.

வேலையாளே முதலாளியின் பொருளைத் திருடினால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 306-வது பிரிவில் 7 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் தேதி, இடம், அளவு எதுவும் இல்லாத புகாரோடு ஸ்டேஷனுக்குப் போய்ப் பயனில்லை.

இரவில் வெளியாட்கள் எடுப்பது தனிக் கதை. டேங்க் இருக்கும் பக்கத்தைச் சுவரையோ இன்னொரு லாரியையோ ஒட்டி நிறுத்தினால் டியூப் விட இடம் இருக்காது. வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடமாகப் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள். திருடர்கள் கூட்டமாக வருகிறார்கள், கையில் கம்பி இருக்கும். சத்தம் கேட்டு டிரைவர் இறங்கிப் போவதற்குக் காரணம் வீரம் இல்லை. போன டீசலைச் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம்தான். அதனால் நான் கணக்குப் பார்க்கும் செட்டுகளில் டிரிப் ஷீட்டின் மேலேயே அச்சடித்துக் கொடுக்கச் சொல்கிறேன்: "இரவில் டீசல் எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் கேபினை விட்டு இறங்க வேண்டாம். கதவைப் பூட்டிக்கொண்டு ஹாரன் அடியுங்கள். 112-க்கோ, தேசிய நெடுஞ்சாலையில் 1033-க்கோ போன் செய்யுங்கள். போன டீசல் உங்கள் கணக்கில் வராது." கீழே ஓனர் கையெழுத்து.