பிரேக்கின் மேல் ஒரு பிரேக்

தொப்புள்கொடியைக் குறுக்கே வெட்டினால் இரண்டு தமனிகளும் ஒரு சிரையும் தெரியும். அவற்றைச் சுற்றிக் கொழகொழவென்று வெளிர் நிறத்தில் இருப்பது வார்ட்டன் ஜெல்லி. ரத்தக் குழாய்கள் நசுங்காமல் காப்பது அதன் வேலை. பிரசவம் முடிந்ததும் பெரும்பாலும் குப்பைக்குப் போகிற இந்த ஜெல்லிக்குள்தான் எலும்பாக, குருத்தெலும்பாக, கொழுப்பாக மாறக்கூடிய ஸ்டெம் செல்கள் இருக்கின்றன.

ஆய்வகத் தட்டில் இட்டால் அடியில் ஒட்டிக்கொண்டு, இரு முனையும் கூரான கதிர் வடிவில், மளமளவென்று பெருகும். தட்டு நிறைந்ததும் பிரித்து வேறு தட்டுகளுக்கு மாற்றுவார்கள். மாற்ற மாற்ற வேகம் குறைந்து, ஒரு கட்டத்தில் செல்கள் அகலமாகப் பரந்து படுத்துவிடும். கிழடு தட்டிவிட்டது. மரபணுக்கள் என்னவோ பழையவைதான். அப்புறம் எது மாறியது?

விடையின் ஒரு பகுதி 1993-ல் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் கிடைத்தது. லின்-4 என்ற மரபணு புரதம் எதையும் செய்யாமல், சுமார் 22 எழுத்து நீளத்தில் ஒரு துணுக்கு ஆர்என்ஏவை மட்டும் உண்டாக்கியது. அதுதான் முதல் மைக்ரோ ஆர்என்ஏ. இந்தக் கண்டுபிடிப்புக்காக விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் என்ற விஞ்ஞானிகள் இருவருக்கும் 2024-ல் நோபல் பரிசு வந்தது. முப்பது வருடத் தாமதம்.

புரதம் செய்யும் குறிப்பைச் சுமப்பது தூது ஆர்என்ஏ. ஆர்கோனாட் என்ற புரதத்தோடு சேர்ந்து வரும் மைக்ரோ ஆர்என்ஏ, பெரும்பாலும் தூது ஆர்என்ஏவின் வால் பகுதியில் ஒட்டிக்கொள்ளும். முழுவதும் பொருந்த வேண்டியதில்லை. மைக்ரோ ஆர்என்ஏவின் இரண்டாம் எழுத்து முதல் எட்டாம் எழுத்து வரை பொருந்தினாலே பல நேரம் போதும். ஒட்டியதும் புரத உற்பத்தி குறையும், தூது ஆர்என்ஏவும் சிதையும். பொருத்தம் இவ்வளவு சிறியது என்பதால் ஒரே மைக்ரோ ஆர்என்ஏ நூற்றுக்கணக்கான மரபணுக்களில் கைவைக்கிறது.

சரி, அடக்க மட்டுமே தெரிந்த ஒன்று வளர்ச்சியை எப்படித் தூண்டும்? பிடென் என்ற புரதம் செல்லின் வளர்ச்சிக்குப் போடும் பிரேக். மிர்-21 என்ற மைக்ரோ ஆர்என்ஏ அந்த பிடென்னை அடக்குகிறது. பிரேக்கிலிருந்து கால் எடுத்தாயிற்று, செல் பெருகும்.

லெட்-7 என்ற மைக்ரோ ஆர்என்ஏ குடும்பம் இதற்கு எதிர்த்திசை. பி16 என்பது செல் பிரிவதை நிறுத்தும் புரதம். இளம் செல்லில் எச்எம்ஜிஏ2 என்ற இன்னொரு புரதம் அதைத் தலைதூக்க விடாது. லெட்-7 கூடும்போது எச்எம்ஜிஏ2 குறையும், பி16 எழும். தொப்புள்கொடி ரத்தத்தின் ஸ்டெம் செல்கள் மூப்படையும்போது இந்தச் சங்கிலி கண்ணில் படுகிறது.

சிகிச்சைக்குக் கோடிக்கணக்கில் செல்கள் தேவை. மிர்-21-ஐ ஏற்றிவிட்டால் என்ன என்று தோன்றத்தான் செய்யும். ஆனால் பல புற்றுநோய்க் கட்டிகளிலும் அதே மிர்-21தான் மிகுந்து கிடக்கிறது. பிடென்னை நிரந்தரமாக அடக்கிய செல்லை ஒருவர் உடம்பில் ஏற்ற எனக்குத் துணிவு வராது. செயற்கையாகச் செய்த மைக்ரோ ஆர்என்ஏ என்றால் பரவாயில்லை. செல்லுக்குள் போனாலும் கொஞ்ச நாளில் சிதைந்து, நீர்த்துப் போய்விடும்.