அட்டன்பரோ: ஊரை விட்டுப் போனவருக்கு ஒட்டிக்கொண்ட ஊர்ப்பெயர்

'காந்தி' படத்தை 1982இல் இயக்கிய ரிச்சர்ட், காட்டுயிர்ப் படங்களின் வழியாக வீட்டுக்கு வீடு தெரிந்த அவர் தம்பி டேவிட். இந்த இருவரால் அட்டன்பரோ என்ற பெயர் நமக்கு நன்றாகப் பழகிவிட்டது. பழகிவிட்டதாலேயே, ஸ்மித், ஜோன்ஸ் மாதிரி இங்கிலாந்தில் தெருவுக்கு நாலு பேருக்கு இந்தப் பெயர் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. இது அங்கே அரிதான பெயர். அந்த அரிய பெயர்க்காரர்களும் நெடுங்காலம் நாட்டிங்காம்ஷயர், டார்பிஷயர் என்ற இரண்டு அண்டை மாவட்டங்களிலேயே பெரும்பாலும் இருந்தார்கள்.

அவர்கள் வாயில் இது 'ஆட்டன்பரா' என்பது போல ஒலிக்கும். கடைசி அசை தேய்ந்தே போகும். தமிழ்ப் பத்திரிகைகளில் 'அட்டன்பரோ' நிலைத்துவிட்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ஊர். நாட்டிங்காம் நகருக்குத் தென்மேற்கே, ட்ரென்ட் ஆற்றங்கரையில் அட்டன்பரோ என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. இரண்டு மாவட்டங்களுக்கும் எல்லையாக ஓடிவரும் எரவாஷ் ஆறு ட்ரென்டில் கலப்பது இதன் பக்கத்தில்தான். 1929 முதல் ஆற்றோரத்தில் சரளைக்கல் தோண்டி எடுத்தார்கள். அந்தப் பள்ளங்கள் நீர் நிறைந்து குளங்களாகி, இப்போது பறவைகளுக்குப் பேர்போன இயற்கைக் காப்பகமாக இருக்கின்றன. 1966இல் அதைத் திறந்துவைத்தவர் டேவிட் அட்டன்பரோ. ஊருக்கு அவர் பெயரை வைத்தார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. பெயர் போனது நேரெதிர்த் திசையில்: ஊரிலிருந்து குடும்பத்துக்கு.

ஊர்ப்பெயர் பழைய ஆங்கிலச் சொற்களால் ஆனது. 12ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் 'அடின்புர்', 'அடிங்புர்' என்ற மாதிரியான வடிவங்கள் கிடைக்கின்றன. அதைப் பிரித்தால் மூன்று துண்டுகள். 'அடா' என்பது ஆள்பெயர் (நம்மூர் அடா, புடா இல்லை). 'இங்' என்பது 'அவரைச் சார்ந்த' என்று பொருள்தரும் இணைப்பு. 'புர்ஹ்' என்றால் அரண். ஆக, 'அடாவைச் சார்ந்தோரின் அரண்'. அந்த அடா யார், எந்த நூற்றாண்டுக்காரர் என்பதற்கு இந்தப் பெயரைத் தவிர வேறு தடயம் கிடையாது.

இங்கே ஒரு வழுக்குப்பாறை உண்டு. இடைக்கால ஆங்கிலத்தில் 'அட்டன்' என்றால் 'இன்ன இடத்தில்' என்று பொருள். 'அட்டன் ஆஷ்', அதாவது ஆஷ் மரத்தருகில் குடியிருந்தவர், நாளடைவில் 'நாஷ்' ஆனார். ஓக் மரங்களருகே இருந்தவர் 'நோக்ஸ்' ஆனார். அந்த அட்டனின் வால் எழுத்து மரத்தின் தலையில் ஏறிக்கொண்டதைக் கவனியுங்கள். இதைப் பார்த்தவர்கள் அட்டன்பரோவையும் 'அட்டன் + பரோ', அதாவது 'பட்டணத்தில் இருப்பவர்' என்று பிரித்துவிடுவார்கள். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பழைய வடிவங்கள் ஒத்துவரவில்லை. அவற்றில் இருப்பது 'அடின்' என்ற மெல்லிய டகரம். 'அட்டன்' என்ற அழுத்தம் பிற்பாடு வந்தது. ஊர்ப்பெயர் ஆய்வில் இன்றைய உச்சரிப்பை நம்பி இறங்கக் கூடாது, கிடைக்கும் ஆகப் பழைய எழுத்துவடிவத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு டகரமே போதும்.

இன்னொரு பாறை நம் பக்கத்தது. 'புர்ஹ்' என்றதும் 'புரம்' நினைவுக்கு வரும். காஞ்சிபுரம், பீட்டர்பரோ என்று வரிசைப்படுத்தி இரண்டும் ஒன்றே என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வடமொழிப் 'புர'வுக்கு மொழியியலார் உறவாகக் காட்டுவது கிரேக்கத்தின் 'பொலிஸ்' என்ற சொல்லை. 'புர்ஹ்' வேறு வேர், உயரத்தைக் குறிப்பது, மலையைச் சொல்லும் ஜெர்மன் 'பெர்க்' அதன் சொந்தக்காரர். ஒலி ஒத்துப்போனால் உறவு என்று கட்டிவிட முடியாது.

அரண் என்றவுடன் செஞ்சிக்கோட்டையைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. மண்மேடும் மரவேலியும் சூழ்ந்த ஒரு பெரியவரின் குடியிருப்பும் அன்று 'புர்ஹ்'தான். 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் பழைய அரசுகளில் ஒன்றான வெஸ்ஸெக்ஸை ஆண்ட ஈனெ மன்னனின் சட்டத்தில் 'புர்ஹ் உடைத்தல்' ஒரு குற்றம்: மன்னருடையதையோ ஆயருடையதையோ உடைத்து நுழைந்தால் 120 ஷில்லிங் தண்டம். உடைமைக்காரரின் தகுதி குறையக் குறைய தண்டமும் குறையும். படையெடுப்பைத் தாங்கும் கோட்டைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. வேலியடைத்த வீட்டுக்குப் பொருந்தும். தமிழில் இதற்கு 'கோட்டை'யைவிட 'அரண்' ஏற்றது; 'எயில்' என்றால் மதில் முன்னே வந்து நிற்கும். பின்னாளில் அந்த ஒரே சொல் வேற்றுமை உருபின் வேறுபாட்டால் இரண்டாகக் கிளைத்தது: எழுவாய் வடிவம் பரோ, பர்க் என்று ஆக, மற்றது 'பரி' ஆயிற்று. கேன்டர்பரியும் பீட்டர்பரோவும் அந்த வகையில் பங்காளிகள்.

ஊர்ப்பெயர் எப்படிக் குடும்பப்பெயர் ஆனது என்பதுதான் இதில் சுவையான பகுதி. அட்டன்பரோவிலேயே பிறந்து அங்கேயே உழுது வாழ்ந்தவரை யாரும் அட்டன்பரோக்காரர் என்று கூப்பிட மாட்டார்கள். ஊரே அந்த ஊர். அதில் எந்த அடையாளமும் இல்லை. அவர் பிழைப்புக்காக நாட்டிங்காமுக்கோ அடுத்த பண்ணைக்கோ போனால்தான், அங்கே இருப்பவர்கள் 'அட்டன்பரோ ஜான்' என்பார்கள். அதனால் ஊர்வழி வந்த இந்த வகைப் பெயர்களில் பெரும்பாலானவை ஊரை விட்டவர்களின் பெயர்கள். இதற்கு அந்த ஊரிலேயே சாட்சி இருக்கிறது. அங்கே பிறந்தவர்களில் வரலாற்றில் பெரிய ஆள் ஹென்றி ஐயர்ட்டன்: 1611இல் பிறந்தவர், ஆலிவர் கிராம்வெல்லின் மருமகன், 1649இல் முதலாம் சார்லஸ் மன்னரின் மரண ஆணையில் ஒப்பமிட்டவர்களில் ஒருவர். அவருடைய ஐயர்ட்டன் என்ற பெயரும் ஊர்ப்பெயர்தான், டார்பிஷயரில் உள்ள ஊர். அங்கிருந்து கிளம்பிய குடும்பம் இங்கே ஐயர்ட்டன். இங்கிருந்து கிளம்பியது வேறெங்கோ அட்டன்பரோ.

இங்கிலாந்தில் தலைமுறை தாண்டும் பெயர்கள் 1066இல் பிரான்ஸிலிருந்து நார்மன்கள் படையெடுத்து வந்த பிறகு நிலவுடைமைக்காரர்களிடம் தொடங்கின. நில உரிமை மகனுக்குப் போகும்போது அதைக் காட்டும் பெயரும் கூடவே போனது. சாதாரண மக்களிடம் அது பரவ 1400 வாக்கில் ஆகிவிட்டது. அதுவரை ஒருவர் பெயரோடு ஒட்டியிருந்த ஊர், தொழில், தகப்பன் பெயர், கேலிப்பெயர் ஆகியவற்றில் எது வாய்த்ததோ அது அப்படியே உறைந்துவிட்டது. ஸ்மித்தின் பேரன் இரும்பையே தொடாதவனாக இருந்தாலும் அவன் ஸ்மித், கொல்லன்.

இந்த நான்கு வகையும் நமக்குப் புதிதில்லை. கோவூர் கிழார் ஊரால் பெயர் பெற்றவர். நரிவெரூஉத்தலையாருக்குப் பட்டப்பெயரே பெயர். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனாரிடம் ஊர், தகப்பன் தொழில், தகப்பன் உறவு மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. இங்கிலாந்தின் 13ஆம் நூற்றாண்டு வரி ஆவணக்காரர் கையில் நக்கீரர் கிடைத்திருந்தால் மதுரை, கணக்காயன் என்ற இரண்டில் ஒன்றை அவர் பரம்பரைக்கே கட்டிவிட்டிருப்பார். நம்மிடம் அது நடக்கவில்லை. கோவூர் கிழாரின் பேரன் எந்த ஊரில் இருந்தாரோ அந்த ஊர்க்காரர் ஆனார். இன்று நாம் போடும் முன்னெழுத்தும் அப்படித்தான், ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறும். கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் 'சர்நேம்' கட்டத்துக்கு முன்னால் தமிழர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கும், கடைசியில் பாவம் அப்பாவின் பெயர் அங்கே போய் விழுவதற்கும் காரணம் இதுதான்.

ஆகவே 'சர்நேம்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது? அந்தச் சொல் நார்மன் பிரெஞ்சிலிருந்து வந்தது. 'மேலாகச் சேர்த்த பெயர்' என்பது அதன் நேர்ப்பொருள். தொடக்கத்தில் ரிச்சர்ட் மன்னருக்கு இட்ட 'சிங்கநெஞ்சர்' போன்ற ஒட்டுப்பெயரையும் அது குறித்தது. அந்தப் பழைய பொருளுக்குப் 'பட்டப்பெயர்' சரி. இன்றைய பொருளுக்குச் சரியில்லை. 'குலப்பெயர்' என்றால் நம் காதில் சாதி ஏறிக்கொள்ளும். அட்டன்பரோவில் சாதி எதுவும் இல்லை. வழக்கில் இருக்கும் 'குடும்பப்பெயர்'தான் பொருத்தம். தெலுங்கு பேசுவோரின் 'இன்டிபேரு', மலையாளிகளின் வீட்டுப்பேர் ஆகியவை இதற்கு மிக அருகில் வருகின்றன. இன்டிபேருகளில் பல மூதாதை விட்டுவந்த ஊரின் பெயர்களே. ஊரால் வந்த வகையைத் தனியாகச் சுட்ட வேண்டுமானால் 'ஊர்வழிக் குடும்பப்பெயர்' என்கிறேன். 'இடஞ்சார் குடும்பப்பெயர்' என்றாலும் தப்பில்லை, ஆனால் வாயில் கல் போல உருள்கிறது.

அரிய பெயர்களை ஆய்வாளர்கள் துரத்துவது ஏன்? கொல்லர் இல்லாத ஊர் கிடையாது. ஸ்மித் என்ற பெயர் நாடெங்கும் ஆயிரம் இடங்களில் தனித்தனியாக முளைத்தது. அதை வரைபடத்தில் போட்டால் மக்கள்தொகைப் படம்தான் கிடைக்கும். அட்டன்பரோ போன்ற பெயருக்கோ ஊற்று ஒன்று. 1881ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ஊர் ஊராக எண்ணிப் படம் போட்டால், ஊற்றைச் சுற்றி அடர்ந்து, விலக விலகத் தேயும். ரயில் வந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அப்படி. ஹென்றி கப்பி என்பவர் 1890இல் குடும்பப்பெயர்களின் தாயகங்களைத் தேடியபோது உழவர்களின் பெயர்களை மட்டுமே எடுத்துக்கொண்டார்; மண்ணை விட்டு எளிதில் நகராதவர்கள் அவர்களே என்பது அவர் கணக்கு. இதற்கெல்லாம் அடிமட்ட ஆதாரம், 1538இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் இட்ட ஆணைப்படி ஊர்த் தேவாலயங்கள் எழுதத் தொடங்கிய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள். எழுதிய குருக்களின் காது எப்படியோ எழுத்தும் அப்படி: அட்டன்பரோ, அட்டன்பர்ரோ, அட்டன்பாரோ.

காகிதம் சொன்னதைக் குருதியும் சொல்லுமா? அப்பனிடமிருந்து மகனுக்குப் போவது பெயர் மட்டுமில்லை, ஒய் குரோமோசோமும் அப்படியே போகிறது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங், மார்க் ஜோப்லிங் இருவரும் 40 குடும்பப்பெயர்களைச் சேர்ந்த 1,678 ஆண்களின் ஒய் குரோமோசோமை ஒப்பிட்டு 2009இல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்மித்துகளுக்குள் குறிப்பிடத்தக்க உறவு எதுவும் தெரியவில்லை. அட்டன்பரோக்களில் 87 விழுக்காட்டினர் ஒரே வகை. அதுவும் ஐரோப்பாவின் தெற்கிலும் வட ஆப்பிரிக்காவிலும் மிகுந்து, பிரிட்டனில் குறைவாகக் காணப்படும் வகை. எனவே தற்செயலாக ஒத்துப்போயிருக்கும் என்று சொல்லவும் இடமில்லை. எழுத்துவடிவம் மாறியவர்களும் அதே கூட்டத்தில் வந்து சேர்ந்தார்கள். ஒரே ஒரு தகப்பன், அல்லது ஏறக்குறைய அப்படி. மீதி 13 விழுக்காட்டை வைத்து வம்பு பேசத் தேவையில்லை: தத்து, மறுமணம், தாய்வழியாகப் பெயர் பெற்ற பிள்ளை என்று அதற்கு எத்தனையோ வழி உண்டு. பல நூற்றாண்டுகளுக்கு அந்த ஓட்டை சிறியதுதான்.

அதே பல்கலைக்கழகம் கல்லூரியாக இருந்த காலத்தில், 1932 முதல் 1951 வரை முதல்வராக இருந்தவர் ஃப்ரெடரிக் அட்டன்பரோ. ரிச்சர்டுக்கும் டேவிடுக்கும் தகப்பனார். அவர் பிறந்த ஸ்டேபிள்ஃபோர்ட், அட்டன்பரோவிலிருந்து சில கிலோமீட்டர்தான். பெயர் உண்டாகி எத்தனையோ தலைமுறை கடந்தும் குடும்பம் நடந்து போய்வரும் தூரத்திலேயே இருந்திருக்கிறது. இன்னொன்றும் உண்டு: அவர் பழைய ஆங்கிலத்தில் புலமை பெற்ற அறிஞர். மேலே சொன்ன ஈனெ மன்னனின் சட்டங்களை மூலத்தோடும் மொழிபெயர்ப்போடும் 1922இல் பதிப்பித்தவர் அவர்தான். 120 ஷில்லிங் தண்டம் வரும் வரியில் தன் பெயரின் பின்பாதியைப் பார்த்து அவர் புன்னகைத்திருப்பார் என்று நினைத்துக்கொள்வது என் விருப்பம்.

எல்லோரும் அங்கேயே இருந்துவிடவில்லை. ஒரு கிளை லண்டனுக்குப் போய் அடகுக்கடையில் பெயர் எடுத்தது. 19ஆம் நூற்றாண்டு லண்டனில் அட்டன்பரோ என்றால் நினைவுக்கு வந்தது வனவிலங்கு இல்லை, அடகு வைத்த சட்டைப்பைக் கடிகாரம். ஃப்ளீட் தெருவில் அவர்கள் கடை பெரியது.

இப்போது பெயர் இன்னும் தூரம் போய்விட்டது. பிலிப்பைன்ஸின் பலவான் தீவில் விக்டோரியா மலையில் கண்டறிந்த பெரிய குடுவைத் தாவரத்துக்கு 2009இல் 'நெப்பந்தஸ் அட்டன்பரோயி' என்று பெயரிட்டார்கள். கடைசியில் உள்ள இகரம் லத்தீனில் 'உடைய' என்ற உருபு. பழைய 'இங்' செய்த வேலையையே அதுவும் செய்கிறது. ஒன்று அடாவுக்கு, மற்றது டேவிடுக்கு. தமிழில் எழுதுவோர் அந்த உருபைச் சுமக்க வேண்டியதில்லை. 'அட்டன்பரோ குடுவைச்செடி' என்றாலே யாருக்கும் விளங்கும்.